பல்லாவரம் சந்தையில் கிடைத்த ஜி.ஐ.ஜோ, வயிற்றுக்குள் வால்டியூப். இது என்னுடையதா?

#1 லெவல்கிராசிங்

தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். தேடிப் போனது பழைய மிக்ஸி ஜாருக்கு ஒரு மூடி. அது கிடைக்கவில்லை. திரும்பும்போது ஒருவர் தார்ப்பாய் விரித்து ரிமோட், செத்துப்போன மோடம், லேண்ட்லைன் போன் எல்லாம் குவித்து வைத்திருந்தார், அதன் ஓரத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா, டப்பாவுக்குள் ஐந்து ஜி.ஐ.ஜோ, அதாவது கை, கால், இடுப்பு எல்லாம் திரும்பும் சின்ன ராணுவ பொம்மைகள். எல்லாம் ஃபன்ஸ்கூல் கம்பெனி இங்கே தயாரித்த காலத்து ஆட்கள். துப்பாக்கி இல்லை, பை இல்லை, ஒருத்தனுக்குக் கை இல்லை. "ஒண்ணு இருநூறு சார்" என்றார். ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் அறுநூறுக்கு வந்தார். மூடி இல்லாமல் பொம்மையோடு வந்து நின்றவனுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் 1993லிருந்து 1998 வரை குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. எங்களிடம் மொத்தம் ஆறு ஜி.ஐ.ஜோ இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு பிறந்தநாள் அல்லது ஒரு ரேங்க் கார்டு. ஒன்று வாங்கும் காசுக்கு ஒரு வாரத்துப் பால் வாங்கலாம் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கணக்குச் சொல்வார், சொல்லிவிட்டுத்தான் வாங்கித் தருவார். அதனால் கடையில் இருந்து வெளியே வரும்போதே பாதி சந்தோஷம் போயிருக்கும்.

ஆறில் எனக்கு உயிர் பீச் ஹெட். பச்சை முகமூடி போட்டவன். பொம்மையோடு வரும் அட்டையின் பின்பக்கம் இருக்கும் விவரக் கட்டத்தைக் கத்தரித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அவன் பிறந்த ஊர் ஆபர்ன், அலபாமா என்று அதில் இருக்கும். பள்ளிக்கூட அட்லஸில் அலபாமாவைக் கண்டுபிடித்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன், சமூக அறிவியல் டீச்சரிடம் திட்டும் வாங்கினேன். மதுரை எந்தப் பக்கம் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒருநாள் பீச் ஹெட் இடுப்போடு இரண்டாகக் கழன்றுவிட்டான். வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது அறுந்தால் ஆள் காலி. நான் அழுத அழுகையில் அண்ணன் முதுகு ஸ்க்ரூவைக் கழற்றி, சைக்கிள் கடையில் வாங்கிய வால்டியூபில் (டியூபுக்குக் காற்றடிக்கும் வால்வில் மாட்டும் சின்ன ரப்பர்க் குழாய்) ஒரு துண்டு வெட்டி, வளையமாக்கி, தையல் நூலால் முடிச்சுப் போட்டு மாட்டிக் கொடுத்தான். அம்மா அப்போது பக்கத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள், பாட்டில் பச்சை. நூலும் அதே பச்சை.

சந்தையில் வாங்கிய ஐந்தில் ஒருவன் பீச் ஹெட். இடுப்பு ஆடியது. ஞாயிற்றுக்கிழமை முதுகைத் திறந்தேன். உள்ளே வால்டியூப். பச்சை நூல் முடிச்சு.

1998இல் வீடு மாறும்போது அம்மா எல்லாப் பொம்மையையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டாள். குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் எவ்வளவு தூரம்? அடுத்த ஸ்டேஷன்.

சொல்லுங்கள், எனக்குப் பைத்தியமா?

#2 எதுக்கு_இதெல்லாம்

ஆமாம்.

#3 ஸ்க்ரூடிரைவர்

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த வால்டியூபை இழுத்துப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தால் பலவந்தம் வேண்டாம். ஒரு போட்டோ போடுங்கள்.

அடுத்தது, ரொம்ப ஆசைப்படாதீர்கள் சார். பதினைந்து வருஷமாக இந்தப் பொம்மைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். நம் ஊரில் புழங்கிய ஜி.ஐ.ஜோ பத்தைத் திறந்தால் அதில் நாலில் ஏதாவது நாட்டு வைத்தியம் இருக்கும். வால்டியூப் பார்த்திருக்கிறேன். தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு பார்த்திருக்கிறேன். செம்புக் கம்பி சுற்றியது ஒன்று வந்தது. ஒருத்தர் உள்ளாடை எலாஸ்டிக்கை நறுக்கித் தைத்திருந்தார், தையல் அவ்வளவு நேர்த்தி, மாற்றவே மனசு வரவில்லை.

காரணம் எளிது. பெரிய 12 அங்குல ஜி.ஐ.ஜோ வேறு ஜாதி, அது 1964இல் வந்தது. நாம் விளையாடியது அமெரிக்க பொம்மைக் கம்பெனி ஹாஸ்புரோ 1982இல் புதிதாக ஆரம்பித்த மூணே முக்கால் அங்குலச் சின்ன ஆள். மார்பும் முதுகும் இரண்டு ஓடு, ஒரே ஸ்க்ரூ. கால் இரண்டையும் ஒரு சின்ன உலோகக் கொக்கி பிடித்திருக்கும். அந்தக் கொக்கியில் மாட்டிய ரப்பர் வளையம் வயிற்றுக்குள் மேலே ஏறி, மார்புக்குள் இருக்கும் தூணில் போய் உட்காரும். அதனால்தான் அவனால் இடுப்பை எந்தப் பக்கமும் திருப்ப முடிந்தது. கையும் தலையும்கூட அந்த இரண்டு ஓடுகளின் இறுக்கத்தில்தான் நிற்கும். அருமையான அமைப்பு. ஆனால் ரப்பர் ரப்பர்தான், வருஷம் ஆக ஆகக் காய்ந்து அறுந்துவிடும். எல்லாப் பையனுக்கும் ஒரே இடத்தில்தான் உடைந்தது, எல்லா வீட்டிலும் தெருமுனை சைக்கிள் கடை இருந்தது.

#4 மரப்பாச்சி

பச்சை நூல் என்றதும் எனக்கு மேலே படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் சார் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனாலும் இப்படி மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லணுமா.

எங்கள் வீட்டில் பொம்மை அண்ணன்களுடையது. நான் தொடக்கூடாது. "நீ தொட்டா கையை ஒடிச்சிடுவே" என்பார்கள், ஒடித்தது எல்லாம் அவர்கள்தான். எனக்குக் கிடைத்தது வருஷத்தில் ஒன்பது நாள். நவராத்திரிக்கு கொலுப்படிக்குக் கீழே பார்க் கட்டும் வேலை என்னுடையது. கேழ்வரகும் கடுகும் தெளித்து முளைக்க வைத்த புல், முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்த குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. பார்க்குக்கு வாட்ச்மேன் வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்து ஒரு ஜி.ஐ.ஜோவை வாங்கி நிறுத்துவேன். பெரிய மீசை, சட்டை இல்லாமல் மேலே ஒரு கோட்டு மட்டும். செட்டியார் பொம்மைக்கு நாலு விரல் தள்ளி, செட்டியார் கடைக்கும் சேர்த்துக் காவல்.

வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது யாருடி, ஐயனாரா?" என்றார். அம்மா கண்ணிமைக்காமல் "ஆமாம் மாமி, வெளியூர் ஐயனார்" என்றாள்.

அந்த மீசைக்காரன் பெயர் யாருக்காவது தெரியுமா?

#5 ஸ்காபரோ_பனி

மீசை, வெறும் மார்பு, மேலே ஒரு கோட்டு என்றால் கங்-ஹோ தான் அக்கா. நெஞ்சில் பச்சை குத்தியது மாதிரி ஏதும் இருந்ததா? அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து ஆள் என்று கதை.

#6 மரப்பாச்சி

நெஞ்சில் ஏதோ இருந்தது! நான் அதன்மேல் சந்தனம் வைத்துவிட்டேன்.

#7 எதுக்கு_இதெல்லாம்

எல்லோரும் மன்னிக்கவும், ஆனால் ஒரு கேள்வி. நாற்பது வயதை நெருங்குகிறவர்கள் பொம்மையை இவ்வளவு பேசுவது எதற்கு? எனக்கும் சின்ன வயசு இருந்தது. திருவிழாக் கடையில் கவரில் போட்டுக் கட்டிய பச்சை ராணுவ பொம்மை, கால் ரெண்டும் ஒரே தட்டில் ஒட்டியிருக்கும், அதில்தான் விளையாடினேன். தொலைந்தது, மறந்தேன். இப்போது இவற்றை ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். குழந்தை கேட்டால் தரமாட்டார்கள்.

#8 லெவல்கிராசிங்

நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, கடைசி வரி சுட்டது. என் மகள் நேற்றுத் தொட வந்தாள், நான் "பார்த்து, பார்த்து" என்றேன். என் அப்பா குரல் மாதிரியே இருந்தது.

ஆனால் ஒன்று. பொம்மை என்று நான் அப்போது வாயால் சொன்னதில்லை. வகுப்பில் சொன்னால் பெண்பிள்ளை விளையாட்டு என்று கேலி. ஜி.ஐ.ஜோ, அல்லது "ஆள்". "என்கிட்ட ஆறு ஆள் இருக்கு."

#9 ஸ்க்ரூடிரைவர்

அதே பயம் ஹாஸ்புரோவுக்கும் இருந்தது. 1964இல் பையன்களுக்கு ஆடை மாற்றும் 12 அங்குல பொம்மையை விற்க வேண்டும், ஆனால் பொம்மை என்ற சொல்லைச் சொன்னால் எந்த அப்பாவும் வாங்க மாட்டார். அதற்காக உண்டாக்கிய சொல்தான் ஆக்‌ஷன் ஃபிகர். விற்பவர்கள் யாரும் பொம்மை என்று சொல்லக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தார்கள். உங்கள் வகுப்பில் அதே வேலையை "ஆள்" என்ற சொல் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

#10 மரப்பாச்சி

பொம்மை என்றால் என்ன குறைச்சல்? ஒன்பது படியிலும் பெருமாளே பொம்மையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

#11 அரைவாள்

மதுரைக்காரன், தாமதமாக வருகிறேன். ஜி.ஐ.ஜோ எனக்குத் தெரியாது, நான் ஹீ-மேன் கட்சி. தூர்தர்ஷனில் அந்தக் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மரக்கரண்டியைத் தூக்கியவன். அந்தப் பொம்மையை லியோ மாட்டெல் கம்பெனி இங்கே தயாரித்து விற்றது, மாமா ஒருத்தர் பம்பாயில் இருந்து வரும்போது வாங்கி வந்தார். அஞ்சரை அங்குலம், கட்டுமஸ்தான உடம்பு, கால் ரெண்டும் எப்போதும் குந்துவதற்குத் தயாரான மாதிரி. இடுப்பைத் திருகிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவனைச் சுழற்றிக் குத்துவிட வைக்கும்.

அவன் வாள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருபக்கம் வழவழ என்று தட்டை, பாதியாகப் பிளந்த மாதிரி. குறையான சாமானை மாமா தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டோம். அம்மா அதை மாமாவிடம் வேறு சொல்லிக்காட்டிவிட்டாள்.

கீழ்வீட்டுப் பையனுக்கு அடுத்த வருஷம் ஹீ-மேனின் எதிரி, மண்டையோட்டு முகத்தான் ஸ்கெலிட்டர் வந்தான். அவன் வாளும் அதே மாதிரி பாதி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, தண்ணீர்க் குழாய்ச் சண்டை. ஒருநாள் மத்தியானம், பெரியவர்கள் தூங்கும் நேரம், மாடிப்படியில் உட்கார்ந்து அவனுடைய பாதியையும் என் பாதியையும் பக்கத்தில் வைத்தோம். டக் என்று ஒட்டிக்கொண்டது! அப்படியே ஒரு முழு வாள். அது அப்படித்தான் செய்யப்பட்டது என்பது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களே கண்டுபிடித்ததாக நினைத்தோம், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் முழு வாள் ஒருநாள் அவன் வீட்டில், ஒருநாள் என் வீட்டில். குழாய்ச் சண்டை அதுபாட்டுக்கு நடந்தது. அவர்கள் வீடு காலி செய்த அன்று வாள் முறைப்படி அவன் பக்கம் இருந்தது. போய்விட்டது. நான் இப்போது சேகரிப்பதெல்லாம் வாள் மட்டும்தான். ஆள் வேண்டாம். ஒன்பது பாதி வைத்திருக்கிறேன், எதுவும் என்னுடையது இல்லை. அதனால் லெவல்கிராசிங் அண்ணா, உங்களுக்குப் பைத்தியம் என்றால் எனக்கு முற்றிய கேஸ்.

#12 எதுக்கு_இதெல்லாம்

வாள் கதை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான்?

#13 அரைவாள்

தெரியாது. பெயர் தெரியும், தேடினால் கிடைக்கலாம். தேடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

#14 ஸ்காபரோ_பனி

நான் இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் சின்ன வயதில் வைத்திருந்ததைத் தேடுகிறீர்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பேட்டரியே உள்ளே வர விடமாட்டார்கள், இதில் விளையாட்டுச் சாமான் எங்கே வரும். எங்களுக்குப் பனங்காய் வண்டில். இரண்டு பனங்காய், நடுவில் ஒரு தடி, தள்ளுவதற்கு ஒரு கவைக் கம்பு. ஒழுங்கையில் ஓட்டிக்கொண்டு போனால் சத்தம் வேறு மாதிரி இருக்கும், அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. பழம் அழுகினால் மாற்றிவிடுவோம். உதிரிப்பாகத் தட்டுப்பாடு என்ற பேச்சே இல்லை.

கனடாவுக்கு வந்தது 1996. எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதில் பொம்மை வைத்திருந்தால் பள்ளியில் சிரிப்பார்கள். ஆனால் கோடைக்காலத்தில் சனிக்கிழமைகளில் வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்பார்கள், அங்கே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய ஜி.ஐ.ஜோவும் ஸ்டார் வார்ஸ் ஆட்களும் கிடந்தது. ஒன்று 25 சதம். அம்மா தம்பிக்கா என்று கேட்டா, ஓம் என்று பொய் சொன்னேன். தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது.

அந்தப் பெட்டியில் ஒவ்வொரு ஆளின் பாதத்துக்கு அடியிலும் பேனாவால் ஒரு எழுத்து எழுதியிருந்தது. "கே". யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன், தம்பியோ அண்ணனோ எடுத்துவிடக் கூடாது என்று தன் முதலெழுத்தைப் போட்டிருக்கிறான். இப்போது என்னிடம் நூற்றுக்கு மேல் இருக்கிறது, எல்லாம் யாரோ ஒருவருடைய சின்ன வயது. அழிக்கவே மாட்டேன் அந்த "கே"யை. சுத்தம் செய்யும்போது பாதத்தை மட்டும் தண்ணீர் படாமல் பிடித்துக்கொள்வேன்.

ஸ்டார் வார்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது, வேலைத்தலத்தில் ஒரு முதியவர் சொன்ன கதை. 1977 நத்தாருக்குப் படம் ஓடு ஓடு என்று ஓடுகிறது, கென்னர் கொம்பனி பொம்மை செய்து முடிக்கவில்லை. அதனால் வெறும் மட்டைப் பெட்டியை விற்றார்கள். உள்ளே படம் போட்ட அட்டையும், "பிறகு அனுப்புவோம்" என்று ஒரு சீட்டும். நாலு ஆட்கள் அடுத்த வருஷம் தபாலில் வந்தார்கள். அவருக்கு அந்த நாலு பொம்மையும் ஞாபகம் இல்லையாம், வெறும் அட்டையை மேசையில் நிறுத்தி, ஆட்கள் வந்தால் எங்கெங்கே நிற்பார்கள் என்று விரலால் காட்டி விளையாடியதுதான் ஞாபகமாம்.

#15 மரப்பாச்சி

தம்பி, "கே"யை அழிக்காதீர்கள்.

#16 எதுக்கு_இதெல்லாம்

பனங்காய் வண்டியை யாராவது சேகரிக்கிறார்களா? அதையும் கண்ணாடி அலமாரியில் வைக்கலாமே. கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

#17 ஸ்காபரோ_பனி

எப்படி வைப்பது, அழுகிவிடுமே. நான் வடிவாக யோசித்துப் பார்த்தேன், அதனால்தானோ என்னவோ பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டேன்.

#18 ஸ்க்ரூடிரைவர்

பிளாஸ்டிக்கும் அழுகும் நண்பரே, மெதுவாக. வெள்ளை ஆள் எல்லாம் மஞ்சளாகிவிடுவான். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று வீடியோ போடுகிறார்கள், வெளுக்கும்தான், சில சமயம் திரும்ப மஞ்சளாகும். நம் ஊர் வெயிலில் அவசரப்பட்டு வைத்து ஒரு வெள்ளை நிஞ்சாவைத் திட்டுத் திட்டாக ஆக்கியவன் நான். கட்டைவிரல் இன்னொரு பிரச்சினை. துப்பாக்கியை அழுத்தி அழுத்திக் கையில் திணித்ததில் பாதிப் பேருக்குக் கட்டைவிரல் கிடையாது. அதற்கடுத்து இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒல்லிப் பட்டை. அது போனால் வைத்தியம் இல்லை.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்குத் தெரியாது. ஃபன்ஸ்கூல் என்பது நம்ம சென்னை எம்ஆர்எஃப்பும் ஹாஸ்புரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கியது. அமெரிக்காவில் 1994இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள், இங்கே அதற்கப்புறமும் வந்துகொண்டிருந்தது. அச்சு அங்கிருந்து வந்தது, நிறம் இங்கே மாறியது. அமெரிக்கக்காரன் பச்சையில் பார்த்த ஆள் நமக்கு வேறு நிறத்தில் வருவான். நாம் அதை அசல் என்று நினைத்தோம், அவர்கள் அதை அபூர்வம் என்று இப்போது தேடுகிறார்கள். சின்ன வயதில் நான் வெளிநாட்டுப் பொம்மை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

லெவல்கிராசிங் சார், போட்டோ எங்கே?

#19 லெவல்கிராசிங்

போட்டோ போட்டிருக்கிறேன், பாருங்கள். முடிச்சு மேலே கொஞ்சம் இடப்பக்கம். நூல் நிறம் மங்கியிருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை தெரிகிறது.

#20 ஸ்க்ரூடிரைவர்

பார்த்தேன். வால்டியூப்தான். உங்கள் ஆளிடம் வேறு அடையாளம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? கட்டைவிரல்?

#21 லெவல்கிராசிங்

வலது கட்டைவிரல் இல்லை. என்னுடையதற்கும் இல்லை. சரி, பாதிப் பேருக்கு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மூக்கில் பெயின்ட் போயிருக்கும். இதற்கும் போயிருக்கிறது.

#22 எதுக்கு_இதெல்லாம்

எல்லாப் பொம்மைக்கும் மூக்கில்தான் முதலில் பெயின்ட் போகும். என் ராணுவக்காரனுக்கு மூக்கே போய்விட்டது.

உங்கள் அண்ணன் கட்டியதுதானே? அவரிடமே கேட்டால் என்ன?

#23 லெவல்கிராசிங்

மஸ்கட்டில் இருக்கிறான். அனுப்பியிருக்கிறேன். இன்னும் நீல டிக் வரவில்லை.

#24 அரைவாள்

நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

#25 லெவல்கிராசிங்

வந்துவிட்டது. நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். மூன்று தடவை கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னால் இதற்கு மேல் சுத்தமாக எழுத வராது.

"டேய், அது நான் கட்டலை. எனக்கு எங்கடா அதெல்லாம் வரும். ராத்திரி நீ தூங்கினதுக்கப்புறம் அப்பாதான் கட்டினார். வால்டியூப் வாங்கிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார், அவ்வளவுதான். அம்மா மெஷின் டப்பாலேர்ந்து நூல் எடுத்தார். காலைலே எழுந்தா அழுவான், நீ பண்ணினேன்னு சொல்லிக் குடுத்துடுன்னார். நானும் சொல்லிட்டேன். நீ என்னைக் கடவுள் மாதிரி பார்த்தியா, அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரலை."

அப்பா 2009இல் போய்விட்டார். ஒரு வாரத்துப் பால் கணக்குச் சொன்ன மனுஷர். பொம்மையைக் கையில் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

இன்னும் இருக்கிறது. இதைக் கேளுங்கள்.

"இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. அம்மா பேப்பர்காரர்கிட்ட போடலை. நான்தான் ஆறையும் என் கிளாஸ் பையன்கிட்ட குடுத்து வீடியோ கேம் கேசட் ரெண்டு வாங்கினேன். அவன் வீடு பல்லாவரத்துலதான். வீடு மாத்தற குழப்பத்துலே அம்மா தலைலே போட்டுட்டேன்."

இருபத்தேழு வருஷம்! இருபத்தேழு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சுத்தம் பண்ணும்போது அம்மாவிடம் "பார்த்துப் போடு, என் பொம்மையைப் போட்ட மாதிரி போட்டுடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் "நான் போடலைடா" என்பாள், நான் நம்பினதே இல்லை.

#26 மரப்பாச்சி

ஐயோ.

#27 ஸ்காபரோ_பனி

அண்ணை, உங்கள் அண்ணா அந்தக் கேசட்டாவது உங்களுக்கு விளையாடத் தந்தாரா?

#28 லெவல்கிராசிங்

தந்தான். அதுதான் இன்னும் எரிகிறது. நான் சந்தோஷமாக விளையாடினேன்.

#29 எதுக்கு_இதெல்லாம்

பல்லாவரம் பையன் வரை வந்துவிட்டது. நூறு சதவீதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் என் கட்சியை விட்டுவிடுகிறேன். அது உங்களுடையதுதான் ஐயா.

#30 ஸ்க்ரூடிரைவர்

எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஆனால் அதை இங்கே இனி சொல்லமாட்டேன். வேலையைச் சொல்கிறேன். மற்ற நாலு பேருக்கும் புது வளையம் போடுங்கள், அளவு பார்த்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, தேங்காயெண்ணெய் கூடாது. பீச் ஹெட்டிலும் வால்டியூபை எடுத்துவிடுவதுதான் நல்லது. பழைய ரப்பர் இளகிப் பிசுபிசுத்தால் பிளாஸ்டிக்கில் கறுப்புக் கறை ஏறும், அப்புறம் போகாது. வால்டியூபைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள்.

#31 மரப்பாச்சி

எடுக்கக் கூடாது. கறை ஏறினால் ஏறட்டும், உள்ளேதானே.

#32 ஸ்க்ரூடிரைவர்

மேடம், உள்ளே ஏறும் கறை ஒருநாள் வெளியே வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

#33 அரைவாள்

எடுத்து முடிச்சு அவிழ்ந்துவிட்டால் திரும்ப அதே மாதிரி யார் கட்டுவார்கள்? விடுங்கள் தலைவரே, இடுப்பு ஆடினால் ஆடட்டும்.

#34 லெவல்கிராசிங்

நேற்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும், அப்பா கட்டியது, அண்ணன் விற்றது எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் முதலில் கேட்டது, "நூல் இன்னும் இருக்கா?" இருக்கு என்றேன். "ரெட்டை முடிச்சா?" என்றாள். பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றேன். "அவருக்கு ஒத்தை முடிச்சுல நம்பிக்கை கிடையாது. கொசுவலை கட்டினா நாலு போடுவார்."

அதோடு விடவில்லை. "இருபத்தேழு வருஷம் என்னைச் சொன்னே இல்ல, உங்கண்ணன் வரட்டும்" என்றாள். அவன் டிசம்பரில் வருகிறான், நான் எச்சரிக்கவில்லை.

முதுகை மூடி ஸ்க்ரூவை அரை திருகு குறைவாகவே முடுக்கியிருக்கிறேன். வால்டியூப் உள்ளேதான் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் சார் என்னை மன்னிக்க வேண்டும், அம்மா பார்த்தபிறகு நீங்கள் சொன்னபடி செய்கிறேன். நாலு வளையம் மட்டும் அனுப்புங்கள். மகளிடம் கைமுறிந்தவனைக் கொடுத்துவிட்டேன், இப்போது அவன் கிச்சன் செட்டில் தோசை சுடுகிறான்.

யாரிடமாவது பீச் ஹெட்டின் பை உபரியாக இருந்தால் சொல்லுங்கள். ஃபன்ஸ்கூல் போட்டது, நிறம் எதுவானாலும் சரி.

#35 ஸ்க்ரூடிரைவர்

பை இருக்கிறது. ஒரு பக்கக் கொக்கி உடைந்தது. நாளைக்கு வளையத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.